ஊமை மோதிரத்தின் விலை

ஆம்பூரில் ஒரு வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாங்கள் நான்கு பேர் கூடி ஒரு விளையாட்டு ஆடுவோம். ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்வார்: இங்கே ஒரு கோட்டை, அதைச் சுற்றிக் காடு, வாசலில் இரண்டு பூதங்கள். மற்ற மூவரும் அந்த உலகத்துக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, தத்தம் ஆள் இப்போது என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை முடிவு செய்யும். பூதத்தைக் கொன்றால் பொற்காசு கிடைக்கும். பொற்காசு சேர்ந்தால் மந்திர வாளோ பறக்கும் செருப்போ வாங்கலாம். எல்லாம் பேச்சில்தான். மேஜை மேல் இருப்பது பகடையும் தேநீர்க் கோப்பைகளும் கொஞ்சம் காராபூந்தியும் மட்டுமே.

ஆட்டத்தை நடத்துகிறவர் எங்கள் ஷூ கம்பெனியில் காஸ்டிங், அதாவது ஒரு ஜோடிக்கு என்ன செலவாகும் என்ற கணக்கு, பார்க்கிற அக்கா. கம்பெனியில் மேடம், மாடியில் அக்கா. அவருடைய கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எங்களுக்குச் சார்; ஆட்டத்தில் கோடரி தூக்கும் போர்வீரன். மூன்றாவது ஆள் என் கல்லூரி நண்பன். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறான், ரயிலேறி வருவான். அவன் ஆட்டத்தில் திருடன். நான் மந்திரவாதி.

எனக்குத் திக்குவாய். சின்ன வயதிலிருந்தே உண்டு. உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள் தொண்டைக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு, தாடையை இறுக்கிக்கொண்டு நிற்பேன். எதிரில் இருப்பவர்கள் தரையைப் பார்ப்பார்கள். கம்பெனியில் ஷூவின் மேல்பாகத்துக்குக் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிற வேலையை நான் தேடிப் பிடித்ததே, அதில் பேச்சு கம்மி என்பதால்தான். அப்படிப்பட்டவன் பேச்சாலேயே நடக்கிற ஒரு விளையாட்டுக்குப் போய் உட்கார்ந்தேன் என்றால், அது நண்பன் இழுத்துக்கொண்டு போனதால். போன பிறகு விட முடியவில்லை. "மந்திரம் போடறேன்" என்று சொன்னால் போதும். 'ம' எனக்குத் தொந்தரவு தராத எழுத்து. பகடையை உருட்டினால் தீ பறக்கும். என் திக்கலைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. வருகிற சொற்களாகப் பொறுக்கிப் பேசுவதால், அக்காவுக்கும் சாருக்கும் அது தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

ஆட்டம் முடிந்ததும் அன்று நடந்ததையெல்லாம் வேடிக்கையாக எழுதி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். அக்காவுக்கு அது ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புது விதியைக் கொண்டுவந்தார்.

"இனிமே மந்திரம் போடறேன்னு சும்மா சொன்னா செல்லாது. ரெண்டு வரி சொந்தமா கட்டி சத்தமா சொல்லணும். நல்லா இருந்தா பகடையில ரெண்டு கூட்டிக்கலாம்" என்றவர், என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீதான் நல்லா எழுதுவியே. உனக்காகத்தான் வெச்சேன்."

எனக்குத் தந்த பரிசு அது. நான் தலையாட்டினேன். அன்று ஒரு மந்திரமும் போடவில்லை. அடுத்த வாரமும் இல்லை. இடுப்பில் ஒரு கத்தி வாங்கிச் செருகிக்கொண்டு, எதிரே எது வந்தாலும் அதை வீசினேன்.

"இன்னாடா, எப்பப் பாத்தாலும் கத்தியே எடுக்கற? மந்திரவாதியா, காய்கறி வெட்றவனா?" என்றான் நண்பன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் மோதிரம் கேட்டேன். எழுத்தில் எனக்குத் திக்கல் கிடையாது. அக்காவுக்கு ஒரு நீண்ட செய்தி அனுப்பினேன். கடையில் இல்லாத ஒரு பொருளை என் ஆள் ஒரு பொற்கொல்லனிடம் சொல்லிச் செய்யப் போகிறான். அதை அணிந்தால் வாய் திறக்காமலே மந்திரம் போடலாம். அதன் பெயர் ஊமை மோதிரம். ஏன் வேண்டும் என்பதற்குக் காரணங்களும் எழுதினேன். எதிரிகள் வாயைக் கட்டிப்போட்டால் உதவும். காவலாளிக்குச் சத்தம் கேட்காது. தண்ணீருக்கடியிலும் போடலாம். ஒவ்வொன்றும் நல்ல காரணம். ஒன்றுகூட உண்மைக் காரணம் இல்லை.

அடுத்த ஞாயிறு அக்கா அதை எல்லார் முன்னிலும் எடுத்தார்.

"ரூல் புத்தகத்துல இருக்கற சாமானுக்கு அதுலயே வெல இருக்கு. புதுசா செஞ்சு கேக்கறதுக்கு நாமதான் போடணும். ஷூ வாங்கற பையர் புது டிசைன் அனுப்பிச்சா நாம காஸ்டிங் போடறோம் இல்ல, அந்த மாதிரிதான்." ஷூவுக்கு எவ்வளவு தோல், எவ்வளவு நூல், வெட்டும்போது எவ்வளவு வீண் என்று பார்க்கிற அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார். "ஆனா இதுல தோல் கெடையாது. அதனால நான் வேற மூணு பாப்பேன். எத்தன தடவ பயன்படும்? யாரோட வேலையப் புடுங்கும்? இது இல்லன்னா இவன் இன்னா செஞ்சிருப்பான்?"

முதல் கேள்விக்கு எப்போதும் என்று பதில். இரண்டாவதற்கு நண்பன் கை தூக்கினான்.

"என் வேலையதான்க்கா புடுங்குது. சத்தம் போடாம உள்ள பூந்து வர்றதுக்குத்தானே நான் இருக்கேன்? இவனும் சத்தமில்லாம தீ வெச்சான்னா நான் எதுக்கு? ஜாஸ்தியா வைங்க."

நியாயமான பேச்சு. சாரும் ஆமாம் என்றார். மூன்றாவது கேள்விக்கு யாரும் போகவே இல்லை. அக்கா கணக்குப் போட்டு முப்பதாயிரம் பொற்காசு என்றார். சாருடைய மந்திரக் கோடரிக்கு ஐயாயிரம்தான். எங்கள் மூவர் பணத்தையும் கொட்டினாலும் அதில் பாதி தேறாது.

என் முகம் வாடியதை அக்கா பார்த்திருக்க வேண்டும். "வெலைய காசாவே குடுக்கணும்னு இல்ல. கொஞ்சம் கஷ்டமாவும் குடுக்கலாம்" என்றார். யோசித்தார். "மோதிரம் வெரல்ல இருக்கற வரைக்கும் உன் ஆளு ஒரு வார்த்த பேசக் கூடாது. பேசணும்னா கழட்டணும். அப்படின்னா ஆறாயிரத்துக்குத் தர்றேன். பெரிய கஷ்டம்தான், வீட்டுக்குப் போய் யோசிச்சு..."

"சரி" என்றேன். அந்த ஒரு சொல் எங்கும் இடிக்காமல் வந்தது.

அவர்கள் மூவரும் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். முக்கால்வாசியும் பேச்சாகவே இருக்கிற விளையாட்டில் பேச்சை விற்றுவிட்டு ஒருவன் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தான்.

அடுத்த சில மாதங்கள் அந்த மாடியில் நான் அனுபவித்த நிம்மதியை இன்று நினைத்தாலும் கூசுகிறது. மோதிரத்தை நான் கழற்றவே இல்லை. என் ஆள் ஊமை என்பதால் நானும் பேசவில்லை. கையை வீசிக் காட்டுவேன், துண்டுச் சீட்டில் எழுதித் தள்ளுவேன், பகடையை உருட்டுவேன். தீயும் மின்னலும் பறந்தன. கிராமத்துத் தலைவனிடம் பேரம் பேச வேண்டிய இடத்தில், படித்தவனான மந்திரவாதி பேச வேண்டிய இடத்தில், நான் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு சாரைக் காட்டுவேன். பாவம், சார் கோடரியும் கையுமாக ராஜதந்திரம் பேசி எல்லாவற்றையும் கெடுப்பார். விதிப்படி நடக்கிறவன் என்ற பெயர் எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் திக்குவாயன் இல்லை. விதியை மதிக்கிற ஆட்டக்காரன்.

பிறகு அந்தக் கிணறு வந்தது.

பாழடைந்த ஒரு பெரிய கிணற்றின் உட்சுவரில் குறுகலான படி. நண்பனின் திருடன் முன்னால் போகிறான். நாங்கள் மேலே நிற்கிறோம். அவனுக்குப் பின்னால் சுவரிலிருந்து ஏதோ பிரிகிறதா என்று பார்க்கப் பகடை உருட்டச் சொன்னார் அக்கா. எனக்கு மட்டும் பெரிய எண் விழுந்தது.

"நீ மட்டும் பாக்கற" என்றார் என்னிடம். "கல்லு மாதிரி இருந்த ஒண்ணு சுவத்துலேர்ந்து கழண்டு அவன் பின்னாடி எறங்குது. மந்திரம் போட்டா அவன் மேலயும் படும். மோதிரத்தக் கழட்டிட்டு ஒரு சத்தம் குடுக்கலாம். நேரம் இருக்கு. மூணு வரைக்கும் எண்ணறேன்."

விரலிலிருந்து மோதிரத்தை உருவுவது போலக் கையால் செய்தேன். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. செய்தேன். பிறகு "ஓடு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஓ வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. வேறு சொல் தேடினேன். திரும்பு, பின்னால், கல். எத்தனையோ இருந்தன. அந்த நேரத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. எதிரே நண்பன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், நான் கத்தப் போகிறேன் என்று. அக்காவின் மூன்றாவது விரலும் மடங்கியது.

பகடை உருண்டது. இரண்டு வருடமாக அவன் வளர்த்த திருடன் கிணற்றில் விழுந்து செத்தான்.

"நீ கழட்டினியா, இல்லையா?" என்று கேட்டார் அக்கா. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். என் கை செய்தது அவருக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

கழற்றினேன், சொல் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். எழுதிக்கூடக் காட்டியிருக்கலாம். நான் இல்லை என்று தலையாட்டினேன். நண்பனைச் சாக விட்டவன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, திக்குவாயன் என்று நினைக்கக் கூடாது. அந்த ஒரு நொடியில் என் மனது போட்ட கணக்கு அதுதான்.

சாயங்காலம் நண்பனோடு ரயில் நிலையம் வரை நடந்தேன். காற்று திசை மாறித் தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் ஊர் மேல் இறங்கியிருந்தது. அவன் வழக்கமாக அதைப் பற்றி ஏதாவது சொல்வான். அன்று சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் நின்று, "ரூல்னா ரூலுதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு சத்தம்டா. ஒரு சத்தம் குடுத்திருக்கலாம் இல்ல?" என்றான். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கடுத்த ஞாயிறு சார் பேரணாம்பட்டில் ஒரு துக்கம் விசாரிக்கப் போயிருந்தார். என் ஊர் அதுதான். திரும்பும்போது நான் வந்த பஸ்ஸிலேயே எனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்; நான் பார்க்கவில்லை. இறங்கி, கடையில் தயிர் வாங்கிக்கொண்டு எனக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். சோற்றைப் பிசைந்தபடியே மிகச் சாதாரணமாகக் கேட்டார்:

"ஏன் தம்பி, வாணியம்பாடில எதுனா வேல இருந்துச்சா? கண்டக்டர்கிட்ட வாணியம்பாடின்னு டிக்கெட் கேட்ட, ஆம்பூர்லயே எறங்கிட்ட?"

சாருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு அது ஒரு கணக்குப் புதிர், அவ்வளவுதான். ஆம்பூரைத் தாண்டித்தான் வாணியம்பாடி. எனக்கு 'ஆ' வராது; 'வா' வரும். கண்டக்டர் தலைக்கு மேல் நின்று, "எங்கய்யா, சீக்கிரம் சொல்லு" என்று அவசரப்படும்போது, வருகிற ஊரைச் சொல்லிவிடுவேன். கூடுதல் காசு போனால் போகட்டும் என்று பல வருடமாக அப்படித்தான்.

நண்பனின் கை இலைமேல் நின்றுவிட்டது. கல்லூரி நாட்களில் பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவன்தான் டிக்கெட் கேட்பான். ஏன் என்று நான் சொன்னதில்லை, அவன் கேட்டதுமில்லை.

"அன்னிக்குக் கெணத்துல..." என்று மெதுவாக ஆரம்பித்தான். "ஓடுன்னு சொல்ல வந்தியாடா?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எல்லாம் புரிந்த முகம் அது. மோதிரம், கத்தி, நான் உடனே சொன்ன "சரி", சீட்டுகள், அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த முகத்தில் போவதைப் பார்த்தேன். உடம்பில் துணி இல்லாமல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவி, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். சார் பின்னாலேயே வந்து, "தம்பி, நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்?" என்று கேட்டது தெரு முனை வரை காதில் விழுந்தது.

திங்கட்கிழமை அக்கா என் மேஜைக்கு வந்தார். கம்பெனியில் அவர் அப்படி வருவதில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் இருந்த பேட்டர்னையே பார்த்தபடி பேசினார்.

"வெலைய நான் தப்பா போட்டுட்டேன். பேசக் கூடாதுன்றத கஷ்டம்னு நெனச்சு வெலையில கழிச்சேன். உனக்கு அது கஷ்டமே இல்ல. அந்தக் கஷ்டத்த உனக்குப் பதிலா நாங்க மூணு பேரும் குடுத்துட்டு இருந்தோம்." நிறுத்தினார். "சத்தமா சொல்லணும்ன்ற விதியும் என் தப்புதான். அந்த மோதிரத்த நீ சும்மாவே வெச்சுக்கோ. அந்த ஆறாயிரத்தையும் திருப்பிக் குடுத்துடறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அந்தச் 'சும்மா'தான் தைத்தது. கோயில் வாசலில் தட்டில் விழுகிற சில்லறைபோல. திரையில் ஒரு காலிப் பக்கத்தைத் திறந்து, "வேண்டாம் மேடம்" என்று தட்டினேன். அக்கா என்று தட்டியிருக்கலாம். அவர் அதைப் படித்துவிட்டு எழுந்து போனார்.

பல ஞாயிறுகள் நான் போகவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று குழுவில் ஒரு பொய் எழுதினேன். அம்மா நன்றாகத்தான் இருந்தார். வீட்டில் இருந்து என்ன செய்வது என்று தெரியாமல் துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

ஒரு விடுமுறை நாளில் நண்பன் சொல்லாமல் பேரணாம்பட்டுக்கு வந்து நின்றான். வாசலில் அம்மாவைப் பார்த்து, "உடம்பு இப்ப எப்டிமா இருக்கு?" என்று கேட்டான். அம்மா, "எனக்கு இன்னாப்பா கேடு?" என்றார். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டு அருகே தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். நான் சொல்ல முயன்றேன். "அ... அ... அன்னிக்கு" என்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது போலிருந்தது. அவன் கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். சொல்லி முடிக்கும் வரை இருந்தான். கழற்றினேன், ஓடு என்று சொல்ல வந்தேன், வரவில்லை. அவ்வளவுதான் சொன்னேன்.

"சொல்ல வந்து வரலன்னா நான் செத்தது என் தலையெழுத்து. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான். "கழட்டலன்னு தலையாட்டின பாரு, அதுதான் பேஜாரு. ஒரு வாரம் உன்னத் திட்டிட்டு இருந்தேன்டா. லேப்ல ரத்தம் எடுக்கறப்பக்கூட."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னொண்ணு. அக்கா அத உனக்கு சும்மா குடுக்கறேன்னாங்களாமே? எனக்கு ஒத்துக்காது. நான் புதுசா ஒரு ஆள ஆரம்பிக்கப் போறேன், அவனும் திருடன்தான். சத்தமில்லாம மந்திரம் போடற சாமான் எவன்கிட்ட சும்மா இருந்தாலும் நான் சண்ட போடுவேன். அதுக்கு முப்பதாயிரம்தான் சரி."

அத்தனை வாரங்களில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது என்று தோன்றியது. சிரிப்பு வந்துவிட்டது. "அ... அப்ப மந்திரம்?"

"வாயில வந்தா வாயால சொல்லு. வரலன்னா எழுதிக் குடு. நேரம் ஆனா இன்னா, பஸ்ஸா போயிடப் போவுது?"

அடுத்த ஞாயிறு போனேன். சார் கதவைத் திறந்து, என்னவோ அவர்தான் குற்றவாளி போல, "வாப்பா, வாப்பா" என்றார். அக்கா எதையும் விளக்கவில்லை. மோதிரத்தை அந்தப் பொற்கொல்லனே ஆறாயிரத்துக்குத் திரும்ப வாங்கிக்கொண்டான் என்று கதைக்குள்ளேயே சொன்னார். அவன் கடையில் அது இப்போது முப்பதாயிரத்துக்கு இருக்கிறது. இனி மேஜையில் விரல் மடக்கி எண்ணுவதில்லை என்றார். மந்திரத்தைச் சொல்லலாம், எழுதலாம், எழுதி அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கவும் சொல்லலாம். அதற்கெல்லாம் காசு கிடையாது, அது சாமான் இல்லை என்றார்.

நான் உடனே வீரனாகிவிடவில்லை. முதல் இரண்டு வாரமும் எழுதித்தான் கொடுத்தேன். சார் அதை வாங்கி, பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் உறுதிமொழி வாசிப்பது போல விறைப்பாக நின்று படித்தார். நண்பன் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான்.

மூன்றாம் வாரம், ஒரு பாலத்தின் நடுவில் ஓநாய்க் கூட்டம் சூழ்ந்தபோது, சீட்டை எழுதினேன். எழுதிவிட்டுக் கொடுக்கவில்லை. எழுந்து நின்றேன். இரண்டே வரி. முதல் சொல்லே எரி. எ வந்து நின்றது. கண் தானாக மூடிக்கொண்டது, தாடை இறுகியது. கீழ் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பைபாஸில் லாரிகள் போகிற சத்தம் கேட்டது. அவர்கள் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது. அப்படிக் காத்திருப்பதே வெட்கமாக இருந்தது. சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது கண்ணை மூடியிருந்தும் தெரிந்தது. யாரும் என் சொல்லை எனக்காக முடித்து வைக்கவில்லை. எரி வந்தது. அடுத்தது தடுக்கியது. பிறகு மிச்சமும் வந்து முடிந்தது. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"நல்லா இருக்கு. ரெண்டு கூட்டிக்கோ" என்றார் அக்கா. "உருட்டு."

உருட்டினேன். பகடை காராபூந்தித் தட்டில் இடித்து நின்றது. ஒன்று.

"ஒண்ணும் ரெண்டும் மூணு" என்றார் சார், ரொம்ப வருத்தத்தோடு.

"ஒரு பொறிகூட அந்தப் பக்கம் போகல" என்றார் அக்கா. "ஓநாய்ங்க பாக்குதுங்க. உன் புருவம் மட்டும் கருகிடுச்சு."

நண்பன்தான் முதலில் சிரித்தான். எனக்குக் காது வரை சூடாக இருந்தது. உட்கார்ந்து, கத்தியை எடுக்கிறேன் என்று சொன்னேன்.